உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு

ஆபரேஷன் பாதியில் நின்றது ஏன் என்று ஆளாளுக்குப் போனில் கேட்டீர்கள். மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து என் மனைவிக்கு ரத்தப்போக்கு. கருப்பைக்குள் கட்டி. கேமரா விட்டு அகற்றும் ஹிஸ்டெரோஸ்கோப்பி திருவள்ளூரில் நடந்தது. ஒட்டிக் கிடக்கும் கருப்பையை விரிக்க உப்பு நீரைச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். பெரும்பகுதி வெளியே வந்துவிடும். கொஞ்சம், வெட்டுப்பட்ட ரத்தக் குழாய்கள் வழியே உடம்புக்குள் போய்விடும். அந்த வித்தியாசத்தை நர்ஸ் ஒருவர் கணக்குப் பார்க்கிறார். ஆரோக்கியமானவருக்கு 2500 மில்லி எல்லை. வயதும் இதய நோயும் இருந்தால் 1500. என் மனைவிக்கு இரண்டும் உண்டு. 1500 நெருங்கியதும் டாக்டர் நிறுத்திவிட்டார்.

"கொஞ்சம்தானே பாக்கி, முடிச்சிருக்கலாமே மேடம்?" கோபமாகத்தான் கேட்டேன்.

"நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டா என்ன சார் பண்றது?"

வாயடைத்துப் போனேன். சில பழைய மின்கருவிகளுக்கு உப்பு நீர் ஆகாது, மின்சாரத்தைக் கடத்தும், கிளைசின் கரைசல்தான். அதற்கு எல்லை 1000. மீறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கும். உலர்திராட்சையைத் தண்ணீரில் போட்டு உங்களுக்குச் சவ்வூடு பரவல் நடத்தியவன் நான்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் மாணவிகளே, இந்தச் சிகிச்சைக்குப் போனால் என்ன திரவம், யார் கணக்கு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இதயம், சிறுநீரகத் தொந்தரவு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மீதிக் கட்டிக்கு அடுத்த மாதம் போகிறோம். இப்போது கஞ்சி குடித்துக்கொண்டு, "என்னைப் பத்தி என்ன எழுதுறீங்க?" என்கிறார்.