வளையல் அளவு

ஆய்வகத்துச் சங்கை எடுத்துக் காட்டும்போது மாணவிகளில் யாராவது ஒருத்தி, "மிஸ், இது ஆணா பெண்ணா?" என்று கேட்பாள். தாம்பரத்தில் விலங்கியல் கற்பிக்கும் எனக்குப் பிடித்த கேள்வி இது. சங்கில் ஆண் வேறு, பெண் வேறுதான். ஆனால் ஓட்டை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. உள்ளிருக்கும் உயிரைப் பார்க்க வேண்டும்.

அந்த உயிரைப் பற்றி விரிவாக எழுதியவர் ஜேம்ஸ் ஹார்னெல். மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஆங்கிலேயர். 'இந்தியாவின் புனிதச் சங்கு' என்ற அவருடைய நூல் 1914இல் வெளிவந்தது. மணலில் புழுக்களைத் தின்று வாழும் சங்கு, ஆட்டுக்கிடாயின் கொம்பு போன்ற அதன் முட்டைக்கூடு, மூச்சடக்கி மூழ்கி அதை எடுக்கும் ஆண்கள், கொற்கை மண்ணில் கிடைத்த அறுத்த சங்குத் துண்டுகள் என்று எதையும் அவர் விடவில்லை. நாம் வலம்புரி என்று கும்பிடுவது, உயிரியல் கணக்கில் இடப்பக்கம் சுருண்ட அபூர்வப் பிறழ்வு.

சங்கின் விலையை நிர்ணயித்தது அதன் விட்டம். தூத்துக்குடிச் சங்கு வங்காளத்துக்குப் போய், குறுக்கே அறுபட்டு வளையலானது. பெண்ணின் மணிக்கட்டு நுழையாத சங்குக்கு அந்தச் சந்தையில் மதிப்பில்லை. கணவன் இறந்தால் அந்த வெள்ளை வளையலைக் கழற்றிவிட வேண்டும். ஆக, கடலடியில் தொடங்கும் ஒரு தொழில் முழுவதும் பெண்ணின் கையை நம்பி நடந்தது. அந்தக் கை எப்போது வெறுமையாக வேண்டும் என்பதை மட்டும் வேறு யாரோ முடிவு செய்தார்கள்.

தமிழில் சங்கையும் அறுப்போம், தாலியையும் அறுப்போம். 'அறுத்தவ' என்பது இன்றும் வசைச்சொல்.

அப்பா இறந்த பத்தாம் நாள், சேலையூர் வீட்டில் அம்மாவின் இரு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கி, பிறகு உடைத்தார்கள். உடைத்தவர்களும் பெண்கள், அவர்களில் இருவர் ஏற்கெனவே அப்படி உட்காரவைக்கப்பட்டவர்கள். "வேண்டாம்" என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அம்மா ஒன்றும் பேசவில்லை. இடது மணிக்கட்டில் ஒரு கீறல், ஆற ஒரு வாரமானது.

ஹார்னெலின் நூலைப் படிக்கையில் அந்தக் கீறல்தான் நினைவில் நிற்கிறது. அளந்தவர், மூழ்கியவர், அறுத்தவர், விற்றவர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அணிந்தவள் என்ன நினைத்தாள் என்பது வணிகக் கணக்கில் வருவதில்லை. அதை நாம்தான் எழுத வேண்டும். எனவே ஒன்றை எழுதிவைக்கிறேன்.

மறு வருடம், மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு வளையல் கடை. கடைக்காரர் என்னைப் பார்த்து, "பொண்ணுக்கா? என்ன சைஸ்?" என்றார்.

"எனக்குத்தான்" என்றாள் அம்மா. "ரெண்டு ஆறு. பச்சையில ஒரு டஜன் குடுங்க."