டேலி ஆகாத வில்

பத்தடி வில்லை டவுன் பஸ்ஸில் ஏற்ற முடியாது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் முயன்று பார்த்தேன். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்து, "யாருக்கு சார் குறி?" என்றார்.

எவருக்கும் இல்லை, சாமி! இது அம்பு விடாத வில். என் தாத்தா கோயில் கொடைகளில் பாடிய வில்லுப்பாட்டு வில். இருபது வருஷமாக எங்கள் வீட்டில் துணி காயப்போடும் கொடி. சென்னை நண்பன் ஒருவன் தன் ஹோட்டல் வரவேற்பறையில் மாட்ட நல்ல விலை பேசியிருந்தான். நடுவே ஒரு விரிசல். அதைச் சரிபண்ணி பாலிஷ் போட்டால் காசு!

லோடு ஆட்டோ பிடித்தேன். வழியில் ஒழுகினசேரி. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1908-ல் பிறந்த ஊர். காந்தி மகான் கதையை வில்லில் பாடி, சென்னைக்காரர்களையும் 'ஆமா' போட வைத்தவர். அதை எழுதிக் கொடுத்த சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்; மறுவருஷமே போய்விட்டார். பெண்கள் மேடையேறத் தயங்கிய காலத்தில் வீசுகோல் பிடித்த கொட்டாரம் பூங்கனியம்மா 2018-ல் மறைந்தார்.

தோவாளையில் பிச்சிப்பூ வாசனை. ஆரல்வாய்மொழிக் காற்று சட்டையைக் கழற்றப் பார்த்தது. ஒருவழியாக அண்ணாவி வீடு வந்தது.

பெரியவர் விரிசலைப் பார்க்கவே இல்லை. தளர்வாக ஒரு கயிற்றைக் கட்டி வளைத்து, நாலடி தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"மக்கா, வலப்பக்கம் வளையுது. இடப்பக்கம் மொரண்டு புடிக்குது. பாரம் முழுக்க வலத்துக்கு. கீறாம என்ன செய்யும்?"

எங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்தது. ஒரு செக்‌ஷன் காபி குடிக்கும். இன்னொரு செக்‌ஷன் முதுகு ஒடியும்!

"பேலன்ஸ் ஷீட் மாதிரி. ரெண்டு பக்கமும் டேலி ஆகணும், இல்லையா அண்ணாவி?" பி.காம். படித்ததைக் காட்டிக்கொண்டேன்.

"உங்க கணக்குல குறைஞ்ச பக்கம் கூட்டிக்கிடலாம். இதுல கூட்ட முடியாது. மொரண்டு புடிக்க பக்கத்துலதான் சீவணும். சீவுனது திரும்ப ஒட்டாது."

கண்ணாடிச் சில்லால் இடப்பக்கத்து உள்முகத்தை மட்டும் சுரண்டினார். பனைக்கு வைரம் வெளிப்பக்கம், அதைத் தொடவில்லை. நாலு இழுப்பு, வளைத்துப் பார்ப்பு. மறுபடி நாலு இழுப்பு. மத்தியானம் வரை இதேதான். பிறகு கிளம்பி நின்ற சிராயைப் பசை வைத்து அமுக்கி, நூலால் நெருக்கிச் சுற்றினார்.

மறுநாள் தோல் நாணை ஏற்றி, மணிகளைக் கட்டி, குடத்தின் மேல் வைத்தார். வீசுகோலால் ஒரே ஒரு அடி.

கம்மென்ற அந்தச் சத்தத்தில் அத்தனை மணியும் கூடவே குலுங்க, எனக்கு ஆறு வயசாகிவிட்டது. தாத்தாவின் மடி, கொடைப் பந்தல், பாதித் தூக்கம். அடுக்களையிலிருந்து பாட்டியம்மா எட்டிப் பார்த்து, பழக்கதோஷத்தில் "ஆமா!" என்றார்.

"முழு முறுக்கு கொடுக்கப்பிடாது. பாத்துப் பாடுனா இன்னும் பத்துக் கொடை தாங்கும்" என்றார் அண்ணாவி. கூலி கேட்டேன். "பங்குனிக் கொடைக்கு வில்ல இங்க விட்டுட்டுப் போறியா?" என்றார்.

நேற்று சென்னை நண்பன் போன் செய்தான். "வில் எப்ப வரும்?"

"சான்ஸே இல்லப்பா. பங்குனி வரைக்கும் கால்ஷீட் ஃபுல்!"