காற்றில் பொரித்த முட்டை

பெங்களூர்க் கத்தரிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் என்ன உறவோ, அதே உறவுதான் ஸ்காட்ச் முட்டைக்கும் ஸ்காட்லாந்துக்கும். அது இங்கிலீஷ்காரர்களின் பண்டம். அவித்த முட்டையை உரித்து, அதன்மேல் கொத்துக் கறியைச் சந்தனக் காப்பு மாதிரி சாத்தி, ரொட்டித் தூளில் புரட்டி, காய்ந்த எண்ணெயில் பொரித்து எடுக்கிறார்கள். பார்வைக்குப் பெரிய போண்டா. கத்தியால் வகிர்ந்தால் பழுப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வளையத்துக்குள் வளையமாய் இருக்கும். சைவ நேயர்கள் இந்த இடத்தோடு பத்திரிகையை மூடிவிடலாம். ஆனால் இந்தக் கட்டுரையில் முட்டையைக் காட்டிலும் மனிதர்கள்தான் அதிகம் வரப் போகிறார்கள் என்பதால், கொஞ்சம் பொறுத்துக்கொண்டு தொடரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பண்டத்தைக் கண்டுபிடித்தவர்கள் தாங்களே என்று லண்டன் பிக்காடில்லியில் உள்ள ஃபோர்ட்னம் அண்டு மேசன் கடைக்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தக் கடை 1707-இல் ஆரம்பித்தது. கோச்சு வண்டியில் வெளியூர் போகிற கனவான்கள் வழியில் கையில் வைத்துக் கடித்துக்கொள்வதற்காக 1738-இல் செய்து கொடுத்தார்களாம். நம் ஊரில் ரயில் பிரயாணத்துக்குப் புளியோதரை கட்டிக் கொடுப்பதில்லையா, அந்த மாதிரி. அச்சில் வந்த செய்முறை என்று பார்த்தால், மரியா ரண்டெல் என்ற அம்மாளின் சமையல் புத்தகத்தைத்தான் எல்லாரும் காட்டுகிறார்கள். 1806-இல் அந்தப் புத்தகம் வெளிவந்தபோது அட்டையில் அவர் பெயர் கிடையாது. 'ஒரு சீமாட்டி' என்று மட்டும் இருந்தது. 1809-ஆம் வருஷப் பதிப்பில் ஸ்காட்ச் முட்டை வருகிறது. அதில் ரொட்டித் தூள் என்ற பேச்சே இல்லை! கறியோடு கொஞ்சம் ஹாமோ நெத்திலி மாதிரியான ஆன்சோவி மீனோ சேர்த்து, பொன்னிறமாய்ப் பொரித்து, சூடாகக் குழம்போடு பரிமாறச் சொல்கிறார் அந்த அம்மாள்.

நம் பக்கத்திலும் ஒரு பங்காளி உண்டு. மொகலாயர் சமையலைச் சேர்ந்த நர்கிசி கோஃப்தா. நர்கிஸ் என்பது பாரசீகப் பூ. வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாக இருக்கும். கோஃப்தாவை வெட்டினால் அந்தப் பூ மலர்ந்தாற்போல் தோன்றுவதால் அந்தப் பெயர். இதைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரர்கள் அதைச் செய்தார்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் அது கல்கத்தாவுக்கு வந்து, மசாலாவைச் சேர்த்துக்கொண்டு, 'டிமேர் டெவில்', அதாவது முட்டைப் பிசாசு, என்று பெயர் மாற்றிக்கொண்டது. வங்காளிகள் மாலை வேளையில் அந்தப் பிசாசைக் கடுகு அரைத்த சாஸோடு சாப்பிடுகிறார்கள்.

இந்த உருண்டை ஒரு சமயம் ராஜாங்க விஷயமாகவும் ஆயிற்று. 2020-ஆம் வருஷம் டிசம்பரில், கொரோனாக் கட்டுப்பாட்டை முன்னிட்டு, இங்கிலாந்தின் பெரும்பகுதியில் மதுக்கடைகளில் 'கணிசமான சாப்பாடு' சாப்பிடுகிறவர்களுக்கு மட்டுமே மது என்று ஒரு விதி வந்தது. ஒரு ஸ்காட்ச் முட்டை கணிசமான சாப்பாடா? ஆம் என்றார் ஜார்ஜ் யூஸ்டிஸ் என்ற மந்திரி. இரண்டு தின்றாலும் அது சாப்பாட்டுக்கு முந்தைய பலகாரம்தான் என்றார் மைக்கேல் கோவ் என்ற இன்னொரு மந்திரி. பிறகு அவரே, சாப்பாடுதான் என்று மாற்றிக்கொண்டார்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், குழம்பை விட்டு, ரொட்டித் தூளைப் பூசிக்கொண்டு, வண்டி ஏறி, கடல் தாண்டி, மந்திரிகள் வாயிலும் புகுந்து புறப்பட்ட ஒரு பண்டத்தை, 'இப்படித்தான் செய்ய வேண்டும்' என்று யாரும் கட்டிப் போட முடியாது என்பதற்காகத்தான். இந்த வாதத்தை நான் முதலில் எடுத்து வைத்தது என் அண்ணனிடம்.

அண்ணன் 1972-இல் இங்கிலாந்துக்குப் போனவர். டெர்பி நகரத்து ரயில் தொழிற்சாலையில் வரைபடம் போடும் உத்தியோகம். இரண்டு வருஷம் கழித்து அண்ணி போனாள். அடுத்த வீட்டில் இருந்த இங்கிலீஷ்க் கிழவி அண்ணிக்கு ஸ்காட்ச் முட்டை செய்யக் கற்றுக் கொடுத்தாள். அண்ணி மதுரைக்காரி. கிழவி சொன்ன சேஜ் தழையை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வந்து, வீட்டில் அதற்குப் பதிலாகச் சோம்பு, பச்சை மிளகாய், வெங்காயம், கொத்துமல்லி எல்லாம் போட்டாள். கோடைகாலத்துச் சனிக்கிழமைகளில் இருவரும் ரயிலேறி மேட்லாக் என்ற மலையடிவார ஊருக்குப் போவார்கள். டெர்வென்ட் நதிக்கரையில் பெஞ்சு. பிஸ்கோத்து டப்பாவில் நான்கு முட்டை. நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த ஏற்பாடு நடந்தது.

அண்ணி 2019-இல் காலமானாள். 2022-இல் அண்ணனுக்கு இருதயக் குழாயில் இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில், எண்ணெயில் பொரித்ததையும் கொழுப்புக் கறியையும் குறைக்கும்படி எழுதியிருந்தது. 'குறை' என்று சொன்னால் அடியோடு நிறுத்துகிற ஜாதி மனிதர் அவர். 2023 மே மாதம் நான் போய் இறங்கியபோது, அவித்த காய்கறியும் ரொட்டியுமாக, மாத்திரை விழுங்குவது போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்துக் கிலோ இளைத்துவிட்டார். மேட்லாக்குக்குப் போவதும் நின்றுபோயிருந்தது. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தும் வாசலைத் தாண்டுவதில்லை.

சமையலறை மூலையில் ஒரு கறுப்பு யந்திரம் இருந்தது. அதன்மேல் பழைய பத்திரிகைகள்.

"என்னண்ணே இது?"

"மக வாங்கி வெச்சிருக்கா. காத்துலயே பொரிக்குமாம். காத்துல வத்தல் காயப்போடலாம். பொரிக்க முடியுமாடா?"

நியாயமான கேள்விதான். ஏர் ஃபிரையர் என்கிற பெயரில் பாதி பொய். ஃபிலிப்ஸ் கம்பெனியார் 2010-இல் பெர்லின் கண்காட்சியில் இதைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு கம்பெனிக்குக் கம்பெனி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். உண்மையில் அது ஒரு குட்டி அடுப்பு. தலைக்குமேல் சூடேறும் கம்பிச் சுருள், அதற்கும் மேலே விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை. எண்ணெயில் ஒன்றைப் போட்டால் சூடு நாலா பக்கமும் சட்டென்று கவ்விக்கொள்கிறது. மேல்தோலில் உள்ள ஈரம் ஆவியாகிச் 'சொய்ங்' என்று வெளியேறுகிறது. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கிற வரையில் எண்ணெய் அவ்வளவாக உள்ளே நுழைவதில்லை. வெளியே எடுத்து ஆறும்போதுதான் அது மேலே ஒட்டியிருக்கிற எண்ணெயை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே வாணலியிலிருந்து எடுத்ததை உடனே வடிய விடுகிற நம் வீட்டுப் பெண்கள் பௌதிக சாஸ்திரம் தெரிந்தவர்கள். யந்திரத்தில் எண்ணெய்க்குப் பதில் அனல் காற்று வேகமாகச் சுற்றுகிறது. பண்டத்தைச் சுற்றிப் போர்வை மாதிரி நிற்கும் ஈரக் காற்றை அது அடித்துக்கொண்டு போய்விடுவதால், தோல் சீக்கிரம் காய்ந்து மொறுமொறுக்கிறது.

அண்ணன் மகள் நாட்டிங்காமில் வேலை பார்க்கிறாள். சனி, ஞாயிறு வருவாள். யந்திரத்தோடு வந்த சிறு புத்தகத்தில் ஸ்காட்ச் முட்டைக்குச் செய்முறை இருந்தது. அதைப் பார்த்து, அது சொன்ன சாசேஜ் கறியையே வாங்கி, ஒரு சொட்டு எண்ணெய்கூட விடாமல் செய்தாள். வெந்ததென்னவோ வெந்தது. ரொட்டித் தூள் மட்டும் வெளிறிப்போய், மாவு மாவாக உதிர்ந்தது.

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுண்ணாம்பு அடிச்ச மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. தட்டைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவின தட்டையே மறுபடியும் கழுவினாள். தாயை இழந்தவளுக்குத் தகப்பன் சாப்பிட மாட்டேன் என்றால் எப்படி இருக்கும்? எனக்கு அந்தப் புத்தகத்தை எழுதியவர்மேல் கோபம் கோபமாக வந்தது. எண்ணெயை ஒழித்துவிட்டால் பண்டம் இலேசாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். ஸ்காட்ச் முட்டையில் கொழுப்பு வசிக்கிற இடம் மேல்தோல் அல்ல. உள்ளே இருக்கிற சாசேஜ் கறி. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு. வேண்டிய சொட்டு எண்ணெயை வெளியே மறுத்துவிட்டு, வேண்டாத கொழுப்பை உள்ளே தாராளமாக விட்டுவைத்தால், ருசியும் போயிற்று, ஆரோக்கியமும் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை சித்தப்பன் முறை. பன்றிக் கறிக்குப் பதில் கொழுப்பு குறைந்த வான்கோழிக் கொத்துக் கறி 300 கிராம், நான்கு முட்டைக்கு. கொழுப்பில்லாத கறி வெந்தால் வறட்டிதான். கொழுப்பு செய்துகொண்டிருந்த இரண்டு வேலைகளுக்கும் வேறு ஆள் போட வேண்டும். ஈரத்துக்கு, பாலில் ஊறவைத்த ஒரு துண்டு ரொட்டியும், ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வதக்கி ஆறவைத்த வெங்காயமும் பிசைந்தேன். ருசிக்கு, அண்ணியின் சாமான்கள்: பொடியாய் நறுக்கிய நான்கு பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு, ஒன்றிரண்டாய் இடித்த சோம்பு, மிளகு, ஒரு கைப்பிடி கொத்துமல்லி. கொழுப்பு நாக்கில் தங்கி ருசியைப் பிடித்துவைக்கிறது. அது இல்லாத இடத்தைக் காரமும் வாசனையும்தான் நிரப்ப வேண்டும். இங்கிலீஷ்காரர்களின் இலேசான சமையல் சோகையாக இருப்பதற்கு இந்த விஷயத்தை மறந்துவிடுவதே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

முட்டையில் ஒரு தகராறு. அண்ணனுக்கு மஞ்சள் கரு இளகி இருக்க வேண்டும். மகள் கூடாது என்றாள். அந்த நாட்டில் முட்டை ஒரு காலத்தில் பெரிய பீதியாக இருந்தது. 1988 டிசம்பரில் எட்வினா கரி என்ற துணை மந்திரி, முட்டை உற்பத்தியில் பெரும்பாலானதில் சால்மொனெல்லாக் கிருமி இருப்பதாகச் சொல்லி, முட்டை வியாபாரம் படுத்துப்போய், அவர் பதவியும் போயிற்று. பிறகு கோழிகளுக்குத் தடுப்பு ஊசி வந்து, 2017-இல், சிங்க முத்திரை போட்ட முட்டையை வயதானவர்கள்கூட இளகின பதத்தில் சாப்பிடலாம் என்று உணவு இலாகாவே சொல்லிவிட்டது. இதை நான் எடுத்துச் சொல்லியும் அந்தப் பெண் அசையவில்லை. "அம்மா எப்படிச் செய்வாங்கப்பா?" என்று மட்டும் கேட்டாள். அண்ணன் சற்று யோசித்துவிட்டு, "கெட்டியாத்தான். டப்பாவுல வழியக் கூடாதுன்னு" என்றார். தகராறு தீர்ந்தது. கொதிக்கிற தண்ணீரில் எட்டு நிமிஷம். உடனே ஐஸ் தண்ணீர்.

கறியை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து மெல்லிசாகத் தேய்த்து, முட்டையை மூடி, இடைவெளி தெரியாமல் ஒட்டினேன். மெல்லிசாக இருக்க வேண்டும். கடையில் விற்கிறது மாதிரி கம்பளி போர்த்தக் கூடாது. மாவு, அடித்த முட்டை, பிறகு ரொட்டித் தூள். இங்கேதான் சூட்சுமம். ரொட்டித் தூளை முன்னதாகவே இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் வாணலியிலிட்டுப் பொன்னிறமாக வறுத்து வைத்திருந்தேன். காற்றுக்கு நிறம் கொடுக்கத் தெரியாது. மொறுமொறுப்பை மட்டும் காப்பாற்றத் தெரியும். 190 டிகிரியில் பதினான்கு நிமிஷம், பாதியில் ஒரு தரம் திருப்பிப் போட்டு. மகள் உஷ்ணமானியைக் கறியில் குத்தி, 75 டிகிரி தாண்டியதைப் பார்த்துக்கொண்டாள்.

அண்ணன் சமையலறைப் பக்கமே வரவில்லை. ஆனால் சோம்பு வாசனை கூடத்துக்குப் போயிருக்க வேண்டும். பரண் பக்கம் ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டது. சற்றுக் கழித்து, ராணி படம் போட்ட பழைய பிஸ்கோத்து டப்பாவோடு வந்து நின்றார்.

"ஆறட்டும். சூட்டோட மூடினா வேர்த்துப்போகும்" என்றார்.

மேட்லாக்குக்கு அரை மணிக்குச் சற்று அதிகமான ரயில் பயணம். மூன்று பேரும் போனோம். ஸ்டேஷனிலிருந்து பாலத்தைத் தாண்டி, பூங்காவுக்குள் நுழைந்து, நதிக்கரையோரம் ஒரு பெஞ்சைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, மூன்றாவதில் உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து, சட்டைப் பையில் இருந்த கத்தியால் வகிர்ந்து, முதல் பாதியை மகளிடம் கொடுத்தார். மற்றப் பாதியைக் கடித்தார். மொறுக்கென்ற சத்தம் எனக்குக் கேட்டது. ரொம்ப நேரம் மென்றார். ஆற்றில் வாத்துகள் போய்க்கொண்டிருந்தன.

"உறைப்பு பத்தலைடா. அவ இன்னும் ரெண்டு மிளகாய் கூடப் போடுவா" என்றார்.

"அடுத்த சனிக்கிழமை போட்டுடறேன் அண்ணே."

மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அப்பா, இப்பக் கிளம்பினா வண்டியைப் பிடிச்சிடலாம். விட்டா இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்" என்றாள்.

"போகட்டும்" என்று சொல்லிவிட்டு, அண்ணன் இரண்டாவது முட்டையை எடுத்தார்.