தண்ணீர் காட்டிக்கொடுத்த நிலக்கரி

விருத்தாசலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கொலோனுக்குப் பக்கத்திலுள்ள ஹம்பாக் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைப் பள்ளியில் கூட்டிப்போய்க் காட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். இதுபோல நம் பக்கம் உண்டா என்றும் கேட்டிருந்தாய். உண்டு. இங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நெய்வேலி. மண்ணை வெட்டும் அந்த ராட்சதச் சக்கர இயந்திரங்கள்கூட உங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவைதான்.

தமிழ்நாட்டு மண்ணுக்கு வளம் குறைவில்லை. சேலத்தில் மாக்னசைட், அரியலூரில் சுண்ணாம்புக்கல், மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தாது மணல். ஆனால் அந்தக் காலத்தில் எரிக்க நிலக்கரிதான் இல்லை. வங்காளம், பீகார் பக்கமிருந்து வரவேண்டியிருந்தது. இந்த நிலையில்தான் 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் நெய்வேலிப் பக்கம் தம் நிலத்தில் பாசனத்துக்குக் கிணறு இறக்கினார். பொங்கி வந்த தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அவர் அதை அலட்சியமாக விட்டுவிடவில்லை; அரசாங்கம் வரைக்கும் கொண்டுபோனார். சுரங்கத்துக்காகத் தம் நிலத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரையும் கொடுத்தார். 1956இல் நெய்வேலி நிறுவனம் பதிவானது. அடுத்த ஆண்டு மே மாதம் பிரதமர் நேரு வந்து வெட்டும் வேலையைத் தொடங்கிவைத்தார். அப்போது காமராசர் முதலமைச்சர். ஆனாலும் நிலக்கரி கண்ணில் பட 1961 ஆகஸ்ட் ஆகிவிட்டது.

ஏன் அத்தனை காலம்? மேலே மூடியிருக்கும் மண்ணும் மணற்பாறையும் ஒரு காரணம். பெரிய காரணம், கீழே இருக்கும் தண்ணீர். இதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம் விருத்தாசலம் பக்கத்தில் அந்த மணற்பாறை தரைமட்டத்திலேயே தெரியும். இங்கே பெய்யும் மழை அதில் இறங்கும். பாறை கடல் பக்கம் சரிந்து போவதால் தண்ணீரும் கூடவே இறங்கி, நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே போய் அடைபடும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் அழுத்தம் இருப்பதுபோல அதற்கும் மேலே தள்ளும் வேகம் உண்டு. அந்தக் காலத்தில் குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கியது இதனால்தான். மேலிருக்கும் மண்ணை எடுத்துவிட்டால் அந்த வேகம் சுரங்கத்தின் தரையையே பிளந்துவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் குழாய்கள் இறக்கி, இரவு பகல் நிறுத்தாமல் தண்ணீரை இறைக்கிறார்கள். இறைப்பது நின்றால் சுரங்கம் இல்லை.

எடுக்கும் கரியிலும் ஏறக்குறைய பாதி எடை ஈரம். தூர ஊருக்கு ஏற்றிப்போனால் கட்டுப்படியாகாது. அதனால்தான் சுரங்கத்தின் வாசலிலேயே அனல்மின் நிலையம் வைத்தார்கள். முதல் நிலையத்துக்கு சோவியத் நாடு உதவியது. 1962இல் மின்சாரம் வந்தது. கிராமங்களில் பம்பு செட் ஓடியதில் நெய்வேலிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நன்றியை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் அந்தச் சுரங்கப் பள்ளம் இருக்குமிடத்தில் முன்பு ஊர்கள் இருந்தன, பாப்பா. முந்திரியும் பலாவும் காய்க்கும் செம்மண் அது. பண்ருட்டிப் பலாப்பழம் என்று அம்மா சொல்வாளே, அதே பூமி. 2023 ஜூலையில் வளையமாதேவி என்ற ஊரில், சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்டக் கதிர் விடும் பருவத்து நெல்வயலில் இயந்திரத்தை இறக்கினார்கள். நிலம் முன்பே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். இருக்கட்டும். அறுவடை வரைக்குமாவது பொறுத்திருக்க வேண்டும் என்பதுதான் அன்றும் இன்றும் என் எண்ணம்.

இறைக்கும் தண்ணீர் வீணாகிறதா என்றால், முழுக்க இல்லை. வாலாஜா ஏரிக்குப் போய்ப் பாசனமாகிறது. வீராணம் குழாய் வழியே சென்னைக்கும் போயிருக்கிறது. ஆனாலும் தானாகப் பொங்கிய கிணறுகள் இன்று இல்லை. சுரங்கமும் இறைக்கிறது, விவசாயிகளாகிய நாங்களும் ஆழ்துளை போட்டு இறைக்கிறோம். கரி தீர்ந்தபிறகும் இந்த மாவட்டம் பிழைக்க வேண்டியது தண்ணீரை நம்பித்தான். அதனால் தண்ணீரைத்தான் நான் பெரிய வளம் என்பேன்.

ஹம்பாக்கில் வெட்டி முடித்ததும் ரைன் நதித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தை ஏரியாக்கப் போகிறார்களாம். அங்கும் சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைக்கிறார்கள். சுற்றியுள்ள ஊர்களின் கிணறுகள் என்ன ஆயின, காலிசெய்த கிராமத்து மக்கள் எங்கே குடியேறினார்கள் என்று உன் ஆசிரியரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
தாத்தா