சொன்னவர் யார்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் கும்மிடிப்பூண்டியின் சுவர்கள் எல்லாம் பேசத் தொடங்கிவிடுகின்றன. ஒரே ஆண்டில் பட்டம் என்கிறது ஒன்று. 100 விழுக்காடு வேலை உறுதி என்கிறது மற்றொன்று. பொன்னேரியிலும் திருவள்ளூரிலும் இதே காட்சிதான். சிப்காட் தொழிற்பேட்டையில் உருக்காலை வெப்பத்தில் நின்று சேர்த்த பணத்தை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்பதைப் பெற்றோர் பலர் இந்தச் சில வாரங்களில் முடிவு செய்துவிடுகின்றனர். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது பத்து இடங்களில் விசாரிக்கும் நாம், பிள்ளையின் படிப்புக்கு மட்டும் ஒரு துண்டறிக்கை போதும் என்று எண்ணுவது முறையாகுமா?

அத்தகைய தாள்களோடு என்னைத் தேடி வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, "இதை உங்களுக்குச் சொன்னவர் யார்?" என்பதே. "நல்ல மனிதர், ஐயா, நமக்குத் தெரிந்தவர்" என்பதே பெரும்பாலும் மறுமொழி. அவர் நல்லவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நல்ல மனம் வேறு, அறிவு வேறு. பொய்யே சொல்லாத மனிதரும் தாம் அறியாததைச் சொல்லிவிடக்கூடும்.

ஆலையில் பணிபுரியும் அண்டை வீட்டாரை எடுத்துக்கொள்வோம். பயிற்சி முடிந்ததும் வேலை என்ற சொல்லை நம்பி மகனை அனுப்பவிருந்த ஒரு தந்தையிடம், இரவுப்பணி முடித்து வந்த இளைஞர் ஒருவர் சொன்னார்: "ஓராண்டு உதவித்தொகை தருவார்கள், மாமா, அதன்பின் அனுப்பிவிடுவார்கள்." தாம் கண்டதையே அவர் சொன்னார். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமும் பழகுநரைப் பயிற்சி பெறுபவராகவே கொள்கிறது, தொழிலாளியாக அன்று. ஆலை வாயிலைப் பற்றி அவரைவிட நம்பத்தக்க சாட்சி இல்லை. ஆனால் ஒரு பட்டம் செல்லுமா என்று அவரையே கேட்டால், கேள்விப்பட்டதைத்தானே அவரும் சொல்ல முடியும்?

அதற்கு விடை சட்டத்தில் இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும், நிகர்நிலையாக அறிவிக்கப்பெற்ற நிறுவனமும், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனமுமே பட்டம் வழங்கலாம். போலிகளின் பட்டியலையும் மானியக் குழு வெளியிட்டு வருகிறது. 2023ஆம் ஆண்டில் வெளியான பட்டியலில் 20 பெயர்கள் இருந்தன. அவற்றுள் கேரளத்தின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம், குண்டூரின் கிறைஸ்ட் நியூ டெஸ்டமெண்ட் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், விசாகப்பட்டினத்தின் பைபிள் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகியவையும் அடங்கும்!

புனிதரின் பெயரைக் கண்டதும் நம் கைகள் தாமாகக் குவிகின்றன; ஆராயும் மனமோ உறங்கிவிடுகிறது. பெயர்ப்பலகையில் திருமறை இருப்பது பட்டத்திற்குச் சான்றாகாது. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் இலயோலாக் கல்லூரி மாணவர்க்கும் பட்டம் வழங்குவது சென்னைப் பல்கலைக்கழகமே என்பதை நினைவில் கொள்வோம்.

இனி, கல்வி ஆலோசகர். மாணவர் ஒருவரைச் சேர்த்துவிட்டால் கல்லூரியிடம் தரகு பெறுவோர் அவர்களுள் உண்டு. அவர்கள் சொல்வதெல்லாம் பொய் என்று நான் கூறவில்லை. நம் பிள்ளை சேர்வதால் அவருக்கு என்ன ஆதாயம் என்பதை அறிந்தபின் அவர் சொல்லை எடை போடுங்கள். 100 விழுக்காடு வேலை என்றால், எந்த ஆண்டில், எத்தனை பேரில், என்ன ஊதியத்தில், நிரந்தரமா ஒப்பந்தமா என்று கேளுங்கள். அதை எழுத்தில் தரத் தயங்கினால், அந்தத் தயக்கமே உங்களுக்கு விடை.

இவ்வளவையும் அறியப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. திருவள்ளூரில் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது. மானியக் குழுவின் பட்டியலைக் காணப் பிள்ளையின் கைப்பேசியே போதும். அந்தக் கல்லூரியில் படித்து முடித்த இருவரைத் தேடிக் கேட்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றனர் நம் முன்னோர். இழந்த பணத்தை உழைத்து மீட்கலாம். பதினெட்டு வயதில் இழந்த மூன்று ஆண்டுகளை எந்த உழைப்பால் மீட்பது? ஆகவே பெற்றோரே, ஒவ்வொருவரிடமும் அவர் அறிந்ததை மட்டும் கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.