விட மனமில்லாப் பொருள்கள்

வீட்டிலே தேவையற்றுக் கிடக்கும் பொருள்களை அகற்றுவது எவ்வாறு என்று கற்பிக்கும் நூல்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் இன்று உலகெங்கும் பெரு வரவேற்பு உண்டு. ஜப்பானிய எழுத்தாளரான மாரி கொண்டோ கூறும் முறை அவற்றுட் புகழ்பெற்றது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்; அது மகிழ்ச்சி தருமாயின் வைத்துக்கொள்; தராவிடின் நன்றி கூறி விடைகொடு என்பது அதன் சாரம். கேட்பதற்கு இனிய அறிவுரைதான். ஆனால், இன்று விட்ட பொருளை நாளை கடையில் வாங்கிவிடலாம் என்ற உறுதியுடன் வாழ்பவருக்கே அது எளிதிற் கைகூடும். அவ்வுறுதி இல்லாதிருந்த வீடுகளில், ஒரு பழம் போத்தலை விடுவதும் ஏன் துயரமாகிறது என்பதை நாம் ஆராய வேண்டும்.

எம் அன்னையார் சென்ற ஆண்டு காலமானார். வலிகாமத்திலுள்ள எமது சிறிய வீட்டின் பின்னறையை ஒழித்து, மாலையில் எம்மிடம் பாடங் கேட்க வரும் மாணவர் இருந்து படிக்கும் இடமாக்க விரும்பினோம். அறையிலே மூன்று றங்குப்பெட்டிகள், மடித்துக் கட்டிய உரப்பைகள், முடிச்சு முடிச்சாகக் கயிறுகள், நாற்பதிற்கு மேற்பட்ட ஜாம் போத்தல்கள், துருவேறிய சைக்கிள் டைனமோ, எம் பள்ளிக் கொப்பிகள், பழைய சஞ்சிகைகள், நைந்த சேலைகள், ஒரு தையல் இயந்திரம் ஆகியன இருந்தன. கனடாவில் வாழும் தமக்கையார் தொலைபேசியில், "எல்லாத்தையும் அள்ளிக் கொளுத்திவிடு தம்பி, வைச்சிருந்து என்ன செய்யப்போறாய்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆயினும் எமக்குக் கை எழவில்லை. இரண்டு கிழமைகள் அவ்வறை பூட்டியபடியே கிடந்தது.

அக்குப்பைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1990ஆம் ஆண்டு மீண்டும் போர் மூண்டபின், வடக்கிற்குப் பல பொருள்கள் வருவது தடைசெய்யப்பட்டது. மின்சாரம் அற்றுப்போயிற்று, மண்ணெண்ணெய் கிடைத்தற்கு அரிதாயிற்று. ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்டு எரித்த விளக்கின் ஒளியிலேதான் ஒரு தலைமுறை மாணவர் படித்தனர். பற்றரி இல்லாதவர்கள் சைக்கிளின் சில்லைச் சுற்றி, டைனமோ தந்த மின்னால் வானொலிச் செய்தி கேட்டனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் புறப்பட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நாம் அன்னையாரின் இடுப்பிலே குழந்தையாக இருந்தோம். அன்று உரப்பையில் அடங்கியது மட்டுமே எமது சொத்து. பின்னாளில் வெற்றுப் பைகளை மடித்து மடித்து வைத்த அந்தக் கைகள், அடுத்த இடப்பெயர்வுக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தன. 2009இற் போர் முடிந்த பின்னரும் அந்த ஆயத்தம் முடியவில்லை.

பொருள்மீது வைக்கும் பற்றை வெறும் அறியாமை என்று தள்ளுவோர் உளர். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலின் முதல் அத்தியாயத்திலே மேலங்கியை உதாரணமாகக் கொண்டு பெறுமதியை விளக்கியவர் கார்ல் மார்க்ஸ். அவரே 1852இல், தம் மேலங்கிகள் அடகுக் கடையில் இருப்பதால் வெளியே செல்ல இயலவில்லை என்று இலண்டனிலிருந்து எங்கெல்சுக்கு எழுதினார். சந்தையின் கண்ணுக்கு மேலங்கி ஒரு பண்டம். வறியவனுக்கோ அது தெருவில் இறங்குவதற்கான வழி. எம் அன்னையாரின் போத்தல்களும் அத்தகையனவே.

இன்னொன்றையும் இங்கு கூறவேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியிலே தொடர் போராட்டம் தொடங்கினர். மகனின் சட்டையை மடித்து வைத்திருக்கும் தாயிடம் 'விட்டுவிடு' என்று கூற எவருக்கும் உரிமையில்லை. அச்சட்டை ஒரு கேள்வி. பதிலளிக்க வேண்டியவர்கள் பதிலளிக்கும் வரை அது அங்கேயே இருக்கவேண்டும். எம் அன்னையாரோ எம் கண்முன்னே கண்மூடினார். எமக்குத் துயரம் உண்டு, கேள்வி இல்லை. அவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்த பின்னரே அறையின் பூட்டைத் திறந்தோம்.

ஒவ்வொரு பொருளையும் எடுத்து, 'இது இனி யாருக்கு உதவும்?' என்று கேட்டோம். கொப்பிகளில் எழுதாத தாள்களைப் பிரித்துத் தைத்து மாணவருக்குக் கொடுத்தோம்; 2022 மார்ச்சிலே காகிதத் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்துத் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்ட நாடு இது. சஞ்சிகைகளை நெருப்பிலிட மனம் ஒப்பவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த மண்ணில், அச்சிட்ட தாளுக்குத் தீ மூட்டக் கை கூசுகிறது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் இல்லாத இதழ்களைத் தேடிப் பிரித்து அங்கு சேர்ப்பித்தோம். நைந்த நூற்சேலை ஒன்று அயல்வீட்டுக் குழந்தைக்கு ஏணையாயிற்று.

தையல் இயந்திரமே எம்மை வருத்தியது. பாடசாலைச் சீருடைகள் தைத்தே அன்னையார் எம்மைப் பல்கலைக்கழகம் வரை படிப்பித்தார். காலால் மிதிக்கும் இரும்பிலே அவரது பாதம் பட்ட இடம் மட்டும் பளபளத்தது. ஊரிலே நுண்கடனுக்குக் கிழமைதோறும் தவணை கட்டும் ஓர் இளம்பெண், பிறர் இயந்திரத்திற் கூலிக்குத் தைத்து வந்தாள். அவளுக்கே கொடுப்பதென்று முடிவுசெய்த பின்னரும் மூன்று நாள் சொல்லாதிருந்தோம். எடுத்துச் செல்ல வந்தவள், "சேர், அம்மாவின்ரை மெசினை நான் ஒருநாளும் விக்கமாட்டன்" என்றாள். அச்சொல் எமக்கு இனித்தது. இனித்ததனாலேயே ஐயமும் எழுந்தது. விற்கலாகாது என்ற நிபந்தனையோடு கொடுத்தால், சுமையை அவளிடம் ஏற்றி உரிமையை நாமே வைத்துக்கொள்வதாகும். கடன்காரன் வாசலில் நிற்கும் நாளில் அந்த வாக்கு அவளுக்கு விலங்காகாதா? "தேவை வந்தால் விக்கலாம் தங்கச்சி; இது இனி உம்மடை மெசின்" என்றோம். அதைச் சொல்லி முடிப்பது, இயந்திரத்தைத் தூக்கி வண்டியில் ஏற்றுவதிலும் கடினமாக இருந்தது.

இவ்வளவும் ஒரு வீட்டின் கதை. ஒரு பெண்ணுக்குத் தொழிற்கருவி கிடைப்பதற்கு இன்னொருத்தி இறக்கும்வரை காத்திருக்க வேண்டுமா? எமது கிராமங்களிலே சனசமூக நிலையங்கள் உண்டு. பத்திரிகை கிடக்கும் மேசைக்கு அருகே, பயன்படக்கூடிய பொருள்களை வைக்கவும் வேண்டியவர் எடுக்கவும் ஓர் அலுமாரி அங்கு இருக்கலாகாதா? ஆசிரியரும் மாணவரும் முன்னின்றால் இது ஒரு மாதத்தில் ஆகக்கூடிய காரியம். கொடுப்பவர் பெயரும் எடுப்பவர் பெயரும் அதில் எழுதப்பட வேண்டியதில்லை.

உரப்பைகளை மடித்து வைக்கும் தாய்மார் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றனர். அவர்களை நகையாடாதிருப்போம். மீண்டும் ஓட வேண்டி வராது, மீண்டும் விளக்கின்றி இருக்க வேண்டி வராது என்று அவர்கள் நம்பும் நாளில், அப்பைகள் தாமாகவே அவிழும். அந்நாளைக் கொண்டுவருவது அறையொன்றை ஒழிப்பதிலும் பெரிய வேலை. அது எம் எல்லோர்க்கும் பொதுவான வேலை.