வாயில்லா ஜீவன்களுக்கு உலகச் சட்டம் உண்டா?

அக்டோபர் 4, புனித அசிசி பிரான்சிசின் திருநாள். அவர் பறவைகளுக்குப் போதித்ததையும், ஓநாயைச் சகோதரனே என்று அழைத்ததையும் காலை வழிபாட்டில் சிஸ்டர் அழகாக எடுத்துரைத்தார்கள். அன்று மாலையே, வீடு திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தபோது, எங்கள் அருகில் ஒரு லாரி வந்து நின்றது.

எண்ணினோம். 18 மாடுகள்! ஒன்றின் கொம்பு மற்றொன்றின் விலாவில் குத்திக்கொண்டிருந்தது. ஒன்று விழுந்து எழ முடியாமல் கிடந்தது. பலகை இடுக்கில் அதன் கண் மட்டும் தெரிந்தது.

மறுநாள் சமூக அறிவியல் ஆசிரியையிடம் கேட்டோம், நூலகத்திலும் தேடினோம். நம் நாட்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதற்கு வித்திட்டவர் ஒரு பெண்மணி, கலாக்ஷேத்திரா கண்ட ருக்மிணி தேவி அருண்டேல்! 1953இல் மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்தவர் அவரே. ஒரு சரக்கு வண்டியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது என்பது 1978ஆம் ஆண்டு விதி. ஆனால், வதைத்தவருக்கு முதல் குற்றத்திற்கான அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். (அந்தப் பணத்திற்கு எங்களுக்கு நல்ல பேனாகூடக் கிடைக்காது.)

நாட்டின் எல்லைக்கு அப்பால்? முதலைத் தோலும் மலைப்பாம்புத் தோலும் நாடு விட்டு நாடு போக அனுமதிச் சீட்டு வேண்டும். 1973இல் வாஷிங்டனில் உருவான ஒப்பந்தம் அது. அருகிவரும் காட்டுயிர்களுக்கே அந்தக் காவல். மாடு பட்ட பாட்டைக் கேட்க அப்படி ஓர் உலக ஒப்பந்தம் இல்லை. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014இல் நம் உச்சநீதிமன்றமே இக்குறையைச் சுட்டியது. பிறகு சட்டம் மாறி ஜல்லிக்கட்டு நடக்கிறது. அந்தக் குறை மட்டும் மாறவில்லை.

உலக நெறி எங்கள் பக்கத்திற்குப் புதிதன்று. தோல் கழிவு பாலாற்றைக் கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என 1996இல் தீர்ப்பாயிற்று. ஆற்றுக்கு வந்த நீதி மாட்டுக்கும் வரட்டுமே என்று துள்ளினோம்.

எங்களுள் ஒருத்தி மட்டும் பேசாதிருந்தாள். அவள் அப்பாவுக்கு டேனரியில் வேலை. அம்மா ஷூ கம்பெனியில் தையல்.

"மாடுகளை வதைக்கிறார்கள் என்று 2000இல் வெளிநாட்டுக் கம்பெனிகள் சில இந்தியத் தோலே வேண்டாம் என்றனவாம். ஆர்டர் போனால் எங்கள் வீட்டில்தான் அடுப்பு எரியாது. எங்களுக்கு யாருடி பேசுவார்கள்?"

எங்களுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் யோசித்தோம். வாங்குகிறவர் விருப்பத்திற்கே விட்டால் ஏழை நாட்டுத் தோல்தான் முதலில் தள்ளப்படும். எல்லா நாட்டுக்கும் ஒரே விதி என்றால், பிரேசில் மாட்டுக்கும் நம் மாட்டுக்கும் அதே இடம், அதே தண்ணீர், அதே ஓய்வு. அதற்கான செலவும் எல்லோருக்கும் பொது. கேட்பதானால் இதைத்தான் கேட்க வேண்டும் என்று எங்களுக்குப் பட்டது.

அவளிடம் சொன்னோம். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"தோலை விரித்ததுமே அப்பா கண்டுபிடித்துவிடுவார்," என்றாள் பிறகு. "கொம்புக் கீறல், தார்க்குச்சிக் குத்து எல்லாம் அதிலேயே இருக்கும். தழும்பு இருந்தால் விலையும் குறைச்சல்."